எதிர்த்தரப்பு காட்டும் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா? சந்தா கட்டாமல் சரிபார்க்க வழி?

முன்சீப் கோர்ட் ஜூனியர்:

மகள்கள் போட்ட பாகப்பிரிவினை வழக்கு, பூர்வீகச் சொத்து. நாங்கள் வாதிகள் தரப்பு. மூத்த மகளுக்கு 1985-இல் திருமணம், இளையவருக்கு 1993-இல். தகப்பனார் 2005-க்கு முன்பே காலமாகிவிட்டார். பிரதிவாதி வக்கீல் வாதம் முடித்துவிட்டு ஒரு சீட்டில் மூன்று சைட்டேஷன் (தீர்ப்பு எந்த ரிப்போர்ட்டில், எந்தப் பக்கத்தில் என்ற குறிப்பு) மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முழுத் தீர்ப்பு எதுவும் தரவில்லை.

ஒன்று, மங்கம்மாள் எதிர் டி.பி. ராஜு, (2018) 15 எஸ்.சி.சி. 662 (எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தனியார் ரிப்போர்ட்). இரண்டாவது 1950-களின் எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) ரிப்போர்ட். ஆண்டும் பக்கமும் இருக்கின்றன, கட்சிக்காரர் பெயர் இல்லை, நெட்டில் எங்கு தேடியும் வரவில்லை. மூன்றாவது நம் உயர் நீதிமன்றத்து செகண்ட் அப்பீல், வெறும் எஸ்.ஏ. எண்ணும் ஆண்டும்தான்.

ஆபீசில் எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தீர்ப்புத் தளம் எதற்கும் சந்தா இல்லை. மூன்றையும் எப்படி எடுப்பது, இன்றைக்கும் செல்லுபடி ஆகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெட்டில் எடுத்த பிரிண்ட்டை அப்படியே கோர்ட்டில் கொடுக்கலாமா? பதில் வாதத்துக்கு அடுத்த வாரம் வாய்தா.

சிவில் சைடு:

முதல் சைட்டேஷன் சுலபம் தம்பி. மங்கம்மாள் தீர்ப்பின் முக்கியப் பகுதி இப்போது சட்டமில்லை. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, (2020) 9 எஸ்.சி.சி. 1, தீர்ப்பு நாள் 11.8.2020. மூன்று நீதிபதி அமர்வு. பிரகாஷ் எதிர் புலாவதி (2016) 2 எஸ்.சி.சி. 36, மங்கம்மாள் இரண்டிலும் தனக்கு மாறாகச் சொன்ன கருத்தை நிராகரித்துவிட்டது. தனம்மா எதிர் அமர் (2018) 3 எஸ்.சி.சி. 343 ஓரளவுக்கு மட்டும் நிராகரிப்பு. 2005 திருத்தம் அமலான 9.9.2005 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகள் கூட்டுப் பங்குரிமையர் (மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பங்குள்ளவர்) என்பது இப்போதைய நிலை.

விடையை விட வழி முக்கியம், அடுத்த வழக்குக்கும் வேண்டுமே. இந்தியன் கானூன் என்ற இலவசத் தளத்தில் சைட்டேஷனைப் போட்டுத் தேடாதீர்கள். எஸ்.சி.சி. பக்க எண் அங்கே எல்லாத் தீர்ப்பிலும் இருக்காது. இரண்டு கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். தீர்ப்பு திறந்ததும் மேலே இரண்டு எண் தெரியும்: இந்தத் தீர்ப்பு எத்தனை தீர்ப்புகளை எடுத்தாள்கிறது, இதை எத்தனை தீர்ப்புகள் எடுத்தாண்டிருக்கின்றன. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதைத் திறந்து, வரிசையைப் புதியது முதலில் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பழைய பிரபலமான வழக்குகள்தான் மேலே நிற்கும், 2020-க்குப் பிந்தையது கீழே புதைந்துபோகும்.

அந்தப் பட்டியலை மட்டும் நம்பவும் கூடாது. நீதிபதி சைட்டேஷனைத் தப்பாக எழுதியிருந்தாலோ பெயரின் எழுத்து மாறியிருந்தாலோ அந்த இணைப்பு பட்டியலில் ஏறாது. மங்கம்மாள் வழக்கையே சில இடங்களில் 'மங்கம்மாள் என்கிற துளசி' என்று முழுப் பெயரோடு காட்டியிருப்பார்கள். அதனால் இன்னொரு தடவை பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, தீர்ப்பு நாளுக்குப் பிந்தைய தேதி வரம்பு வைத்துத் தேட வேண்டும். கூடவே 'ஓவர்ரூல்டு' (நிராகரிக்கப்பட்டது) என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தில் இரண்டு சொல்லும் கட்டாயம் வர வேண்டும் என்றால் நடுவில் ஏ-என்-டி-டி என்று பெரிய எழுத்தில், கடைசி எழுத்தை இரட்டித்து அடிக்கணும். ஏதாவது ஒன்று போதும் என்றால் ஓ-ஆர்-ஆர், வேண்டாததை விலக்க என்-ஓ-டி-டி. சாதாரணமாக அடித்தால் அதையும் ஒரு தேடுசொல்லாக எடுத்துக்கொள்ளும், முடிவு குப்பையாக வரும்.

அடுத்து இ-எஸ்.சி.ஆர். உச்ச நீதிமன்றத்தின் சொந்த ரிப்போர்ட் 1950 முதல் இலவசமாக இருக்கிறது. 2023 ஜனவரியில் தொடங்கினார்கள். மங்கம்மாள், வினீதா சர்மா இரண்டையும் அங்கிருந்தே பி.டி.எஃப். இறக்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் கொடுக்க அந்த பிரிண்ட் கானூன் பிரிண்ட்டை விட மேல்.

எதிர்வாதம்:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். 'மங்கம்மாள் நிராகரிக்கப்பட்டுவிட்டது' என்று ஒரே வரியில் எழுந்து சொன்னால் எதிர்த்தரப்பு உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

மங்கம்மாள் பேசியது நம் மாநிலத் திருத்தத்தைப் பற்றி. தமிழ்நாடு சட்டம் 1/1990, 25.3.1989 முதல் அமல், அதன்படி இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த 29-ஏ பிரிவு. அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்கு அந்தப் பிரிவில் உரிமை கிடையாது என்பது சட்டத்திலேயே இருக்கும் வரி. எந்தத் தீர்ப்பும் உண்டாக்கியது அல்ல. வினீதா சர்மா நிராகரித்தது 'உயிரோடு இருக்கும் பங்குரிமையரின் உயிரோடு இருக்கும் மகள்' என்ற கருத்தை, அதுவும் 'மாறான கருத்துகள்' என்று சொல்லித்தான். ஆகவே 1985-இல் திருமணமான மூத்தவருக்கு 29-ஏ பக்கம் போகாதீர்கள். அதே சட்டத்துக்கு வந்த 2005 மத்தியத் திருத்தம், பிரிவு 6, அதில் நில்லுங்கள். அங்கே திருமணம் ஒரு தடையே அல்ல. இளையவருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

எதிர்த்தரப்பு அடுத்து வரக்கூடிய வாசல் 20.12.2004. அந்தத் தேதிக்கு முன் ஆன பாகத்தை 2005 திருத்தம் தொடாது, ஆகவே அதற்கு முன்பே பாகம் ஆகிவிட்டது என்பார்கள். பதிவான பாகப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழிப் பாகம் என்றால், பொது ஆவணங்களின் ஆதாரம் உள்ள அபூர்வமான நிலையில்தான் ஏற்கலாம் என்று வினீதா சர்மாவே சொல்கிறது. தகப்பன் இறந்தபோது பழைய பிரிவு 6-இன்படி கற்பனைப் பாகம் (பங்கைக் கணக்கிட மட்டும் பாகம் ஆனதாக வைத்துக்கொள்வது) நடந்துவிட்டது என்ற வாதத்துக்கும் அங்கேயே பதில் உண்டு: அது உண்மையான பாகம் ஆகாது. கேஸ் முதல்நிலை டிக்ரி (யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்வது) வரை போயிருந்தால் கண்டூரி கோட்டேஸ்வரம்மா, (2011) 9 எஸ்.சி.சி. 788-ஐயும் கையில் வையுங்கள். இறுதி டிக்ரி ஆகும்வரை பங்கைத் திருத்த முடியும் என்பதற்கு.

இதெல்லாம் தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கமான ஹெட்நோட்டில் கிடைக்காது. ஹெட்நோட் பதிப்பாளர் எழுதுவது, நீதிபதி எழுதியது அல்ல. நிராகரித்தது எந்தக் கருத்தை என்று தெரிய தீர்ப்பின் கடைசிப் பத்திகளை முழுசாகப் படித்தே ஆகணும்.

சிவில் சைடு:

ஒப்புக்கொள்கிறேன், 'முக்கியப் பகுதி' என்றுதான் எழுதினேன், ஆனாலும் 29-ஏ-வைப் பிரித்துச் சொன்னது நல்லது.

340-ஆம் அடுக்கு:

எம்.எல்.ஜே. கேள்விக்கு வருகிறேன். நெட்டில் வராததற்குப் பாதிக் காரணம் சீட்டிலேயே இருக்கும். எம்.எல்.ஜே. 1891-இல் தொடங்கியது. 1950-களில் வருஷத்துக்கு இரண்டு தொகுதி, இரண்டுக்கும் பக்க எண் தனித்தனியாக ஒன்றிலிருந்து தொடங்கும். நீங்கள் எழுதியிருப்பதில் தொகுதி எண் இல்லை. ஆண்டும் பக்கமும் மட்டும் வைத்துக்கொண்டு போனால் இரண்டு தொகுதியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஒன்றில் சம்பந்தமே இல்லாத வாடகை வழக்கு இருக்கும்.

பக்க எண்ணுக்கு முன்னால் என்.ஆர்.சி. என்று ஏதாவது இருந்ததா என்று சீட்டை மறுபடி பாருங்கள். அது சமீபத்திய வழக்குக் குறிப்புகள் என்ற பகுதி, அதற்குப் பக்க எண் தனி. ஏ.ஐ.ஆர். என்ற ரிப்போர்ட்டில் என்.ஓ.சி., லா வீக்லி என்ற ரிப்போர்ட்டில் எஸ்.என். என்று வருவதும் இதே வகை. பைண்டிங் போடும்போது இந்தப் பக்கங்களைச் சில நூலகங்களில் தொகுதியின் கடைசியில் சேர்ப்பார்கள், சில இடங்களில் விட்டேவிடுவார்கள். அங்கே இருப்பது இரண்டு மூன்று வரிச் சுருக்கம்தான், முழுத் தீர்ப்பு அல்ல. அதை முன்தீர்ப்பாகக் காட்டினால் முழுத் தீர்ப்பு எங்கே என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

தொகுதி கிடைத்தால் ஐந்து நிமிஷ வேலை. கிடைக்காவிட்டால் இணைச் சைட்டேஷனைப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்து முக்கியமான தீர்ப்பு பெரும்பாலும் ஒரே ரிப்போர்ட்டில் மட்டும் வந்திருக்காது. ஐ.எல்.ஆர். மெட்ராஸ் (1876 முதல்), ஏ.ஐ.ஆர். மெட்ராஸ் (1914 முதல்), லா வீக்லி என்று பரவியிருக்கும். டைஜஸ்ட் (தலைப்புவாரித் தீர்ப்புக் குறிப்புகள்) தொகுதியை எடுத்து இந்து சட்டம், கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை என்று தலைப்பு வழியே இறங்கினால் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் இணை எண்கள் இருக்கும். அதிலிருந்து கட்சிக்காரர் பெயர் தெரிந்துவிடும். பெயர் கிடைத்தபின் நெட்டுக்குத் திரும்புங்கள், ஏ.ஐ.ஆர். எண்ணோடு அது அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் அட்டவணையைப் பார்க்கும்போது மேல்முறையீட்டாளர், எதிர்மனுதாரர் இரண்டு பெயரிலும் பாருங்கள். எழுத்துக்கூட்டலும் அந்தக் காலத்தது: நீங்கள் ஆங்கிலத்தில் 'டி' போட்டுத் தேடும் இடத்தில் 'டி-எச்' இருக்கும், 'கவுண்டர்' என்பதை நாலு விதமாக அச்சடித்திருப்பார்கள். பட்டப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயரின் முதல் நாலு எழுத்தோடு அட்டவணையில் மேலும் கீழும் அரைப்பக்கம் பார்த்தால் போதும்.

எங்கே போவது: உங்கள் ஊர் வக்கீல் சங்க நூலகம் முதலில். பழைய எம்.எல்.ஜே. வரிசையை மாவட்டத் தலைநகர் சங்கங்கள் பல வைத்திருக்கின்றன. இரண்டாவது, பக்கத்து அரசு சட்டக் கல்லூரி, சீனியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். சென்னை வர முடிந்தால் எழும்பூர் கன்னிமாரா, 1896-இலிருந்து இருக்கிற நூலகம், 1954 சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி அனுப்பப்படும் நூலகங்களில் ஒன்று. பழைய தொகுதிகள் வாசிப்பறை அலமாரியில் இருக்காது, உள்ளே இருந்து எடுத்துத் தர வேண்டும். தொகுதி, ஆண்டு எழுதிக் காலையிலேயே சீட்டுக் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் போய் நின்றால் நாளைக்கு வரச் சொல்வார்கள்.

நகல் எடுக்கும்போது தீர்ப்பின் முதல் பக்கம் முதல் கடைசி வரை, கூடவே அந்தத் தொகுதியின் தலைப்புப் பக்கம். தலைப்புப் பக்கம் இல்லாமல் எடுத்து வந்தால் எந்தத் தொகுதி என்று யாராலும் சொல்ல முடியாது. பைண்டிங் ஓரத்தில் எழுத்து விழுங்கப்படும், அங்கேயே சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, 1950-களின் தொடக்கத்து மெட்ராஸ் தீர்ப்பு என்றால் வழக்கு எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். ஆந்திரத்துக்குத் தனி உயர் நீதிமன்றம் 1954-இல்தான். அதுவரை தெலுங்கு மாவட்டங்களும், 1956 வரை மலபாரும் இங்கேதான் வந்தன. மருமக்கத்தாயம் (மலபாரின் தாய்வழிச் சொத்துரிமை) பேசும் தீர்ப்பை நம் ஊர்ப் பாகப்பிரிவினைக்குத் தூக்கிவந்து காட்டுகிறவர்கள் உண்டு. தீர்ப்பு 1956-க்கு முந்தையது என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்போது இல்லை, அதையும் பதில் வாதத்தில் சொல்லலாம்.

பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் காலத்தில் மேல்முறையீடு போன லண்டன் மன்றம்) தீர்ப்பு தேவைப்பட்டால் புத்தகம் தேட வேண்டியதில்லை. லண்டனின் பெய்லி தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

எஸ்.ஆர். எண்:

மூன்றாவது சைட்டேஷன் எனக்கு. இ-கோர்ட்ஸ் என்ற அரசுத் தளத்தின் உயர் நீதிமன்றப் பக்கத்தில் மெட்ராஸ் என்று தேர்ந்தெடுத்ததும் பிரதான அமர்வா மதுரைக் கிளையா என்று கேட்கும். இங்கேதான் பாதிப்பேர் தவறுவார்கள். மதுரைக் கிளை எண் என்றால் எஸ்.ஏ.(எம்.டி.) என்று அடைப்புக்குறி சேர்ந்து வரும். சீட்டில் அதை எழுதாமல் விட்டிருப்பார். ஒரே எண், ஒரே ஆண்டு, இரண்டு இடத்திலும் வேறு வேறு வழக்கு. இரண்டிலும் போட்டுப் பாருங்கள். கிளை தொடங்கியது 24.7.2004-இல். அதற்கு முந்தைய எண் என்றால் திருநெல்வேலி வழக்கானாலும் சென்னைப் பட்டியலில் தேட வேண்டும்.

ஆண்டு என்பது வழக்கு எண் கொடுத்த ஆண்டு. தீர்ப்பு அதற்குப் பத்து வருஷம் கழித்துக்கூட வந்திருக்கலாம், ஆகவே தீர்ப்பு ஆண்டைப் போட்டுத் தேடி 'பதிவு இல்லை' என்று திரும்பிவிடாதீர்கள். நிலை என்ற இடத்தில் முடிந்தவை என்று மாற்றவும். எஸ்.ஆர். எண்ணையும் எஸ்.ஏ. எண்ணையும் குழப்பக் கூடாது. எஸ்.ஆர். தாக்கல் செய்தபோது கொடுப்பது, ஏற்று எண்ணிட்ட பிறகுதான் எஸ்.ஏ.

வழக்கு திறந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு எழுத்து எந்தக் கோர்ட் என்று காட்டும், அடுத்த இரண்டு எண் அங்குள்ள அலுவலகம், பிறகு ஆறு இலக்கம், கடைசி நாலு ஆண்டு. அடுத்த முறை அது ஒன்று போதும், ஆப்பிலும் வேலை செய்யும்.

வழக்கு இருக்கிறது, தீர்ப்பு பி.டி.எஃப். மட்டும் இல்லை என்றால், அநேகமாகப் பொதுத் தீர்ப்பு. மூன்று நாலு அப்பீலைச் சேர்த்து ஒரே தீர்ப்பு சொல்லியிருப்பார்கள், முதல் எண்ணின் கீழ் மட்டும் ஏற்றியிருப்பார்கள். இணைந்த வழக்குகள் பகுதியைப் பார்த்து அந்த எண்ணுக்குப் போங்கள். அதிலும் இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில் ஜூடிஸ் பக்கம், அல்லது இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளம். பின்னதில் கோர்ட், ஆண்டு, நீதிபதி என்று வடிகட்டலாம்.

கிடைத்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. அதன் மேல் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தளத்தில் வழக்கு நிலை தேடும் இடத்தில் கீழ்க்கோர்ட் வழி தேடும் வசதி உண்டு: மாநிலம், உயர் நீதிமன்றம், அமர்வு, வழக்கு வகை, எண், ஆண்டு கொடுத்தால் எஸ்.எல்.பி. (உச்ச நீதிமன்றத்தில் அப்பீலுக்குச் சிறப்பு அனுமதி கேட்கும் மனு) டைரி எண் வந்துவிடும். வந்ததும் பயப்படவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். எஸ்.எல்.பி. காரணம் சொல்லாமல் தள்ளுபடி ஆகியிருந்தால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக மாறிவிடாது, குன்ஹயம்மது (2000) 6 எஸ்.சி.சி. 359. தடை மட்டும் கொடுத்திருந்தால் அந்தத் தீர்ப்பு இல்லாமல் போய்விடாது, ஸ்ரீ சாமுண்டி மொபெட்ஸ் (1992) 3 எஸ்.சி.சி. 1. அப்பீலாக ஏற்று முடித்திருந்தால் மட்டும் மேல் தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும்.

முன்சீப் கோர்ட் ஜூனியர்:

சார், எல்லாருக்கும் நன்றி. மங்கம்மாள் எடுத்துவிட்டேன், வினீதா சர்மாவின் கடைசிப் பத்திகளும் அப்படியே இருக்கின்றன. சீட்டை மறுபடி பார்த்தால் பக்க எண்ணுக்கு முன்னால் என்.ஆர்.சி. என்று சின்னதாக இருக்கிறது. எஸ்.ஏ. மதுரைக் கிளையில்தான் கிடைத்தது. அதில் எதிர்த்தரப்பின் அண்ணன் ஒரு கட்சிக்காரர், இதே சொத்தில் ஒரு சர்வே நம்பரும் வருகிறது. பிரிண்ட் கொடுத்தால் போதுமா? ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்டு வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஏ.ஐ. சாட்பாட்டில் கேட்டால் நமக்குச் சாதகமாக இன்னும் இரண்டு தீர்ப்பும் தருகிறது.

எதிர்வாதம்:

அப்படியானால் அந்த எஸ்.ஏ. தீர்ப்பு வெறும் சைட்டேஷன் அல்ல தம்பி, சான்று. சட்டத்துக்காகக் காட்டும் தீர்ப்புக்கு பிரிண்ட் போதும்: இ-எஸ்.சி.ஆர். அல்லது கோர்ட் தளத்துப் பிரதி, நடுநிலைச் சைட்டேஷன் (கோர்ட்டே தீர்ப்புக்குக் கொடுக்கும் எண்) தெரியும்படி, எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி. பத்தி எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.சி.சி. பத்தி எண்ணும் கோர்ட் பிரதியின் பத்தி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நீதிபதி கையில் இருக்கும் பிரதியின் எண்ணையே சொல்லுங்கள்.

அதே சொத்து, அதே குடும்பத்தார் சம்பந்தப்பட்ட தீர்ப்பை எக்ஸிபிட்டாக (சான்றாவணமாக) குறிக்க வேண்டும் என்றால் சர்டிஃபைடு காப்பி வேண்டும். தீர்ப்பும் டிக்ரியும் இரண்டும். உங்கள் கட்சிக்காரர் அந்த அப்பீலில் கட்சியாக இருந்தால் நேரே நகல் மனு. இல்லை என்றால் மூன்றாம் நபர், எதற்கு வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். ஆர்.டி.ஐ. வழி போகாதீர்கள். கோர்ட் விதியில் நகல் வாங்க வழி இருக்கும்போது ஆர்.டி.ஐ.யில் கேட்க முடியாது என்று 2020-லேயே சொல்லியாகிவிட்டது, (2020) 4 எஸ்.சி.சி. 702, குஜராத் உயர் நீதிமன்ற வழக்கு. ஒரு மாதம் காத்திருந்து மறுப்புக் கடிதம் வாங்குவீர்கள். இப்போது வாதக் கட்டம் என்பதால் சாட்சியத்தை மறுபடி திறக்க மனுவும் தேவைப்படும். நகல் கைக்கு வரும்வரை வாய்தா கேட்பதா, சீனியரிடம் இன்றே பேசுங்கள்.

சிவில் சைடு:

சாட்பாட் தந்த இரண்டையும் இ-எஸ்.சி.ஆரில் கட்சிக்காரர் பெயரில் தேடுங்கள். பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், தீர்ப்பு மட்டும் இருக்காது. நியூயார்க்கில் 2023-இல் இப்படி இல்லாத வழக்குகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள். தீர்ப்பு உண்மையில் இருந்தாலும் அது சொல்வதாகச் சாட்பாட் எழுதும் வரி உள்ளே இருக்கிறதா என்று பத்தியைத் திறந்து பார்க்காமல் தொடாதீர்கள்.

உச்ச நீதிமன்றத் தளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும். கட்சிக்காரருக்குப் புரியவைக்க நல்லது. கோர்ட்டுக்கு ஆங்கில மூலத்தையே கொடுங்கள்.

எஸ்.ஆர். எண்:

தலைப்பு சிவில் என்றாலும் இதைப் படிக்கும் கிரிமினல் சைடு ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. 1.7.2024-க்குப் பிறகு பிரிவு எண் போட்டுத் தேடும்போது சட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். 482 என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதற்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் முன்ஜாமீன். பழைய 482 இப்போது 528, பழைய 438தான் இப்போதைய 482. வெறும் எண்ணை வைத்துத் தேடினால் இரண்டும் கலந்து வரும்.

ஜூனியர், அந்த என்.ஆர்.சி. குறிப்பின் அடியில் அப்பீல் எண் அச்சிட்டிருந்தால் எழுதுங்கள். முழுத் தீர்ப்பை அந்த எண்ணை வைத்துத்தான் உயர் நீதிமன்றப் பதிவறையில் கேட்க முடியும்.